பாட்டுக்கு நடுவே பேசலாமா?

சென்ற இதழில், "கன்ட்ரி பாட்டு (அமெரிக்கக் கிராமத்து இசை) என்றால் குதிரையும் பீரும் காதல் தோல்வியும்தான் என்று நினைப்பவர்கள் ஸ்டீவ் ஏர்லின் 'ஜஸ்ட் ஆன் அமெரிக்கன் பாய்' நேரடி ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிட்டு, அப்புறம் என்னிடம் சண்டைக்கு வாருங்கள்" என்று எழுதியிருந்தேன். வந்துவிட்டீர்கள். சிலர் நியாயமாகவே வந்திருக்கிறீர்கள். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: யார் இந்த ஸ்டீவ் ஏர்ல்? நான் கேள்விப்பட்டதே இல்லை. நீங்கள் மட்டும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

1955-ல் பிறந்தவர். டெக்சஸ் மாநிலத்தில் சான் ஆன்டோனியோ பக்கம் வளர்ந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஹூஸ்டனுக்குப் போய், டௌன்ஸ் வான் ஸான்ட் என்ற பாட்டுக்காரரின் பின்னாலேயே சுற்றினார். அந்தக் குரு பக்தி எவ்வளவு தூரம் போனது என்றால், பிற்பாடு பிறந்த மகனுக்கு ஜஸ்டின் டௌன்ஸ் என்று பெயர் வைத்தார். அங்கிருந்து கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில். கை கிளார்க் (Guy Clark) என்ற பாடகரின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார், மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். 1986-ல் 'கிட்டார் டவுன்' வந்தபோது வயது 31. கன்ட்ரி ஆல்பங்களின் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. 1988-ல் 'காப்பர்ஹெட் ரோடு', ராக் ரசிகர்களையும் இழுத்து வந்தது. அதோடு நாஷ்வில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "இது எங்கள் சரக்கு இல்லை" என்றார்கள்.

அப்புறம் ஹெராயின். 1994-ல் சிறை. வெளியே வந்து, 1995-லிருந்து விட்டதையெல்லாம் பிடிப்பவர் மாதிரி ஆல்பம் மேல் ஆல்பமாகப் போட்டார். நம் ஆல்பம் 2003-ல் வந்தது, இரண்டு குறுந்தட்டுகள். கூடவே ஏமஸ் போ எடுத்த அதே பெயருள்ள ஆவணப்படமும் வந்தது. உறையிலேயே 'ஒலி ஆவணம்' என்று போட்டுக்கொண்ட ஆல்பம் இது. வெறும் கச்சேரிப் பதிவாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும்.

கேள்வி: பாட்டுக்கு நடுவே இந்த மனிதர் பேசிக்கொண்டே இருக்கிறார். பேச்சைத் தாண்டிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டால் தப்பா?

தப்பில்லை. ஆனால் அவர் வேலை மெனக்கெட்டு அந்தப் பேச்சுகளுக்குத் தனித் தலைப்பும் தனி இடமும் கொடுத்திருக்கிறார். 'சித்தப்பிரமை' என்று ஒன்று, 'ஜனநாயகம்' என்று ஒன்று, 'பென்சில்வேனியா சுரங்கத் தொழிலாளர்கள்' என்று ஒன்று. பட்டியலில் பாட்டுகளோடு பாட்டாக, அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மற்ற நேரடி ஆல்பங்களில் இந்தப் பேச்சைத்தான் முதலில் வெட்டி எறிவார்கள்.

பேச்சு பாட்டை என்ன செய்கிறது என்பதற்கு ஓர் இடம் சொல்கிறேன். 'நான் மரண தண்டனையை எதிர்க்கிறேன்' என்பது ஒரு பேச்சுப் பகுதியின் தலைப்பு. அதைத் தொடர்ந்து 'ஓவர் யாண்டர்', பிறகு 'பில்லி ஆஸ்டின்'. முதல் பாட்டு ஜானத்தன் நோபிள்ஸ் என்ற கைதியின் பாட்டு. 1986-ல் ஆஸ்டின் நகரத்தில் இரண்டு இளம்பெண்களைக் கொன்றவர். சிறையில் கத்தோலிக்கராக மாறினார். ஏர்ல் அவரோடு வருடக்கணக்கில் கடிதத் தொடர்பில் இருந்தார். 1998 அக்டோபரில் டெக்சஸ் அரசு தண்டனையை நிறைவேற்றியபோது, கைதி கேட்டுக்கொண்டதற்காக ஏர்ல் சாட்சியாகப் போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். விஷ ஊசி ஏறும்போது நோபிள்ஸ் 'சைலன்ட் நைட்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார், பாதி வரியில் குரல் நின்றது என்று ஏர்ல் பின்னால் எழுதியிருக்கிறார்.

இவ்வளவும் பார்த்த ஆள் எழுதிய பாட்டில் ரத்தம் இல்லை, கோஷம் இல்லை. ரேடியோ இன்னாருக்கு, மின்விசிறி இன்னாருக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவரின் குரல்தான் இருக்கிறது. பேச்சில் வாதத்தை இறக்கி வைத்துவிட்டதால் பாட்டு அதைச் சுமக்க வேண்டியதில்லை. பேச்சைத் தாண்டிவிட்டுக் கேட்டால் 'ஓவர் யாண்டர்' மென்மையான ஒரு விடைபெறும் பாட்டு. சேர்த்துக் கேட்டால் தொண்டையில் எதுவோ அடைக்கிறது.

சரி, 'ஜனநாயகம்' பகுதியை நானும் சில சமயம் தாண்டியிருக்கிறேன்.

கேள்வி: 'ஜான் வாக்கர்ஸ் ப்ளூஸ்' பாட்டில் ஒரு தீவிரவாதியைப் புகழ்கிறார். இதை எப்படி ரசிக்கிறீர்கள்? உங்கள் மேல் எனக்கு இருந்த மரியாதையே போய்விட்டது.

மரியாதையை மீட்க முயற்சி செய்கிறேன். கோபத்தில் நீங்கள் தனி ஆள் இல்லை. அந்தப் பாட்டு 2002-ல் வெளியில் வருவதற்கு முன்பே அமெரிக்காவில் ரகளை தொடங்கிவிட்டது. நாஷ்வில்லில் வானொலிப் பேச்சாளர் ஒருவர் தாக்கினார். நியூயார்க் போஸ்ட் பத்திரிகை, தாலிபானையும் எலியையும் ஒன்றாக ஒட்டித் தலைப்புப் போட்டு, அந்த எலிக்கு வக்கிரமான புகழ்ப்பாட்டு என்று எழுதியது.

விஷயம் இதுதான். ஜான் வாக்கர் லிண்ட் கலிஃபோர்னியாவில் வசதியான பகுதியில் வளர்ந்த பையன். பதின்வயதில் இஸ்லாத்துக்கு மாறி, ஏமன், பாகிஸ்தான் என்று போய், கடைசியில் ஆப்கானிஸ்தானில் தாலிபான் படையில் சேர்ந்தார். 2001 நவம்பரில் பிடிபட்டபோது வயது 20. தாடியும் மண்ணும் அப்பிய அந்த முகம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தது. செப்டம்பர் 11 நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாடே அவரைத் துரோகி என்றது. ஏர்லுக்கு அப்போது வேறொன்று தோன்றியது: தன் மூத்த மகனுக்கும் ஏறக்குறைய இதே வயது.

அதனால் லிண்டின் வாயாலேயே பாடுகிறார். எம்டிவி பார்த்து வளர்ந்த சாதாரண அமெரிக்கப் பையன் நான் என்றுதான் பாட்டு தொடங்குகிறது. குளிர்பான விளம்பரத்தில் வரும் பிள்ளைகளில் தன்னைத் தேடினானாம், ஒருவனும் தன் சாயலில் இல்லையாம். பல்லவியில் இஸ்லாமிய நம்பிக்கை வாசகம் அரபியிலேயே வருகிறது. இதில் புகழ்ச்சி எங்கே? "இவன் செய்தது சரி" என்று ஒரு வரி காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். "இவன் எங்கிருந்து வந்தான்?" என்ற கேள்விதான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு "நம் வீட்டிலிருந்து" என்பதுதான் பதில் என்பதால்தான் அத்தனை கோபம்.

இப்போது ஆல்பத்தின் பெயரைப் பாருங்கள். 'ஜஸ்ட் ஆன் அமெரிக்கன் பாய்' அந்தப் பாட்டின் முதல் வரியிலிருந்து எடுத்தது. தன்னைத் துரோகி என்று திட்ட வைத்த அதே வரியை எடுத்து, அடுத்த வருடமே தன் ஆல்பத்துக்குப் பெயராக வைத்து, உறையில் தன் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்தார். அந்தப் பையனும் அமெரிக்கப் பையன், நானும் அமெரிக்கப் பையன், என்ன இப்போ என்கிற மாதிரி. இந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

லிண்டுக்கு 20 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது, 2019-ல் வெளியே வந்தார். பாட்டைப் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை. எதற்காகப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சரியாக வைத்துக்கொள்வோம்.

கேள்வி: பாடகர்கள் பாடினால் போதாதா? அரசியல் எதற்கு?

இதே கேள்வியை 2003 மார்ச்சில் அமெரிக்கக் கன்ட்ரி வானொலி முழுக்கக் கேட்டார்கள். ஈராக் போர் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, லண்டன் மேடையில் டிக்ஸி சிக்ஸ் என்ற பெண்கள் கன்ட்ரி குழுவின் நடாலி மேன்ஸ், அமெரிக்க அதிபர் எங்கள் டெக்சஸ்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்று சொன்னார். அவ்வளவுதான். அந்த வாரம் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்த அவர்களுடைய பாட்டு பட்டியலிலிருந்தே காணாமல் போனது. வானொலி நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்தின. குறுந்தட்டுகளை டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். அவர்கள் பாடியது போர் வீரனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு என்பது தனிச் சோகம்.

ஏர்ல் அதைவிடப் பத்து மடங்கு பேசியும் தப்பித்தார். காரணம் வீரமில்லை. கன்ட்ரி வானொலி அவர் பாட்டைப் போட்டே வருடக்கணக்காகிவிட்டது, தடை செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கு வருமானம் கச்சேரி டிக்கெட்டில். அவர் பேச்சைக் கேட்டு எரிச்சலாகிறவர் டிக்கெட் வாங்குவதில்லை, வாங்குகிறவர் அந்தப் பேச்சுக்காகவே வருகிறார். இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அவருடைய தைரியத்தைப் பாராட்ட வேண்டும். மேன்ஸ் இழந்ததோடு ஒப்பிட்டால் ஏர்ல் கொடுத்த விலை குறைவு.

இந்த ஆல்பத்தின் பலவீனமும் அங்கேதான். கூட்டத்தில் ஒருவர்கூட முரண்படுவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் கைதட்டல் தயாராக இருக்கிறது. 'அமெரிக்கா வி. 6.0' என்ற பாட்டில் மருத்துவமனையில் கணக்கர்கள் கடவுள் வேஷம் போடுகிறார்கள் என்று பாடுகிறார். கோபம் சரிதான். ஆனால் அந்த மருத்துவமனையில் ஒரு நோயாளியின் முகம்கூடத் தெரிவதில்லை. லிண்டுக்கும் நோபிள்ஸுக்கும் கொடுத்த முகத்தை இங்கே ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அதனால் கைதட்டல் அடங்கியதும் பாட்டும் அடங்கிவிடுகிறது. அவர் இன்னொருவரின் சட்டைக்குள் புகுந்து பாடும்போது பெரிய கலைஞர். தன் சட்டையிலேயே நின்று பாடும்போது நல்ல பேச்சாளர், அவ்வளவே.

கேள்வி: நேரடி ஆல்பம் என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோவில் ஒட்டு வேலை செய்வார்களாமே, உண்மையா?

உண்மை. மேடையில் ஒவ்வொரு வாத்தியமும், ஒவ்வொரு குரலும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். கூட்டத்துக்கு என்று தனி மைக். பிறகு உட்கார்ந்து, சுருதி தப்பிய குரலை மறுபடி பாடிச் செருகலாம், வேறு ஊர்க் கைதட்டலைக் கொண்டுவந்து போடலாம். கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1968-ல் ஃபோல்சம் சிறையில் பதிவு செய்த ஆல்பம் நேரடிப் பதிவுகளுக்கெல்லாம் கோயில் மாதிரி. அதில் ரீனோ நகரத்தில் ஒருவனைச் சுட்டேன் என்ற வரி முடிந்ததும் கைதிகள் உற்சாகமாகக் கத்துவார்கள், ஞாபகமிருக்கிறதா? அந்தக் கத்தல் பிற்பாடு சேர்த்தது. காவலர்கள் நின்ற அந்தக் கூடத்தில் கைதிகள் அந்த வரிக்குக் கத்தவில்லை. இது தெரிந்த பிறகும் அந்த இடத்தில் எனக்குப் புல்லரிக்கத்தான் செய்கிறது. என்ன செய்வது!

கேள்வி: ஏர்லின் பழைய நேரடி ஆல்பம்தான் உண்மையான ராக். 2003-ல் வந்தது கிழவரின் பிரசங்கம். ஒத்துக்கொள்வீர்களா?

நீங்கள் சொல்வது 'ஷட் அப் அண்ட் டை லைக் ஆன் ஏவியேட்டர்'. 1990-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பதிவு செய்து 1991-ல் வெளியிட்டார்கள். கிட்டார்கள் உறுமுகின்றன, உண்மைதான். அவர் குரலைக் கேளுங்கள். தேய்ந்து, கரகரத்து, சில இடங்களில் சொல்லே வெளிவராமல்... போதை அவரைத் தின்றுகொண்டிருந்த காலம். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் ஆல்பமே இல்லை. அந்த அழிவைத்தான் 'உண்மையான ராக்' என்று ரசிக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஒப்பிட வசதியாக மூன்று பாட்டுகள் இரண்டு ஆல்பத்திலும் இருக்கின்றன: 'கிட்டார் டவுன்', 'காப்பர்ஹெட் ரோடு', 'பில்லி ஆஸ்டின்'. முதல் இரண்டில் பழையதற்கே என் ஓட்டு. மூன்றாவதை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பில்லி ஆஸ்டின் கற்பனைப் பாத்திரம். பெட்ரோல் நிலையத்தில் ஒருவரைச் சுட்டுக் கொன்றவன், 29 வயது, மரண தண்டனைக்குக் காத்திருக்கிறான். செய்ததை மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கடைசியில் நம் பக்கம் திரும்பி, அந்த விசையை நீங்களே உங்கள் கையால் இழுப்பீர்களா ஐயா என்று கேட்கிறான். 1990-ல் இதைப் பாடியவர் சட்டத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆள். 2003-ல் பாடுகிறவர் சிறைக்குள் இருந்து வந்தவர், ஒரு மரண தண்டனையைக் கண்ணால் பார்த்தவர். பாட்டு அதே பாட்டுதான். ஆனால் பழைய பதிவில் அந்தக் கேள்வி நாடகத்தில் வரும் நல்ல வசனம், புதியதில் பதில் தெரியாமல் கேட்கிற கேள்வி. கிழவர் என்கிறீர்கள், அப்போது வயது 48.

கேள்வி: 'காப்பர்ஹெட் ரோடு' பாட்டில் என்னதான் கதை? ஆட்டம் போட வைக்கிறது, ஒரு வரியும் புரியவில்லை.

டென்னசி மலைப்பகுதியில் மூன்று தலைமுறைக் கதை. தாத்தா திருட்டுச் சாராயம் காய்ச்சினார், அப்பா சாராயத்தைக் காரில் ஏற்றிக் கடத்தினார். மகன் வியட்நாம் போருக்கு இரண்டு முறை போய்த் திரும்பி வந்து, அதே மலையில் கஞ்சா பயிரிடுகிறான். போதைத் தடுப்பு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுற்றும்போது, காட்டுப் போரில் கற்றுக்கொண்ட தந்திரத்தை இங்கே காட்டத் தயாராக இருக்கிறான். போருக்கு அனுப்பிய அரசாங்கமே இப்போது எதிரி. 2023-ல் டென்னசி மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வப் பாடல்களில் ஒன்றாக அறிவித்தது! சட்டமன்றத்தில் கடைசிச் சரணத்தைக் கேட்டார்களா, மாண்டலின் தொடங்கியதும் எழுந்து ஆடிவிட்டார்களா, யார் கண்டது.

கேள்வி: அவர் ஏழு கல்யாணம் செய்தவராமே?

ஆமாம். அதில் ஒருவரையே இரண்டு தடவை. அடுத்த கேள்வி.

கேள்வி: அவ்வளவு கோபக்காரர் கடைசியில் அன்பு, சமாதானம் என்று பாடி முடிப்பது பொருந்தவே இல்லையே?

ஆங்கிலேயப் பாடகர் நிக் லோ எழுதிய பழைய பாட்டு அது. சமாதானம், அன்பு, புரிதல் இதிலெல்லாம் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிற பாட்டு. எழுதிய 1974-ல் அதில் கொஞ்சம் கிண்டலும் கலந்திருந்தது. ஈராக் போர் நடக்கிற வருடத்தில் பாடினால் கிண்டலுக்கு இடமில்லை. அதற்கு முன் 'ஜெரூசலம்' வருகிறது. தொலைக்காட்சியில் போர்ச் செய்தி பார்க்கிறவன், ஆபிரகாமின் பிள்ளைகள் ஒருநாள் வாளைக் கீழே போடுவார்கள் என்று நம்புகிறான். 'கிறிஸ்மஸ் இன் வாஷிங்டன்' பாட்டில், இரண்டு கட்சிகள் மீதும் சலிப்போடு, செத்துப்போன உடி கத்ரியைத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுகிறார். உடி கத்ரி 1940-களில் தன் கிட்டார் மேல் 'இந்த எந்திரம் பாசிஸ்டுகளைக் கொல்லும்' என்று எழுதி வைத்துப் பாடியவர். அவரோடு அரசெதிர்ப்புப் போராளி எம்மா கோல்ட்மன், தொழிற்சங்கப் பாட்டுக்காரர் ஜோ ஹில், கறுப்பினத் தலைவர்கள் மால்கம் எக்ஸ், மார்ட்டின் லூதர் கிங் எல்லோரையும் அழைக்கிறார். நம்பிக்கை இல்லாதவர் இப்படி ஆள் அனுப்பிக் கூப்பிடுவாரா? கோபம் பொருந்தவில்லை என்கிறீர்கள். எனக்கு அந்தக் கோபமே நம்பிக்கையின் பக்கத்திலிருந்து வருகிறதாகத்தான் படுகிறது.

இசைக்குழுவையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எரிக் ஆம்பல் கிட்டார், கெல்லி லூனி பேஸ், வில் ரிக்பி டிரம்ஸ். பாட்டு சொல்கிற கதைக்குக் குறுக்கே ஒருவரும் வருவதில்லை. அது லேசான காரியமில்லை.

கேள்வி: இதைக் கேட்டு முடித்தாயிற்று, பிடித்தும் போயிற்று. அடுத்து எது?

நேரடிப் பதிவுதான் வேண்டும் என்றால், அவர் தனியாக ஒற்றைக் கிட்டாரோடு பாடிய 'அலோன் அகெய்ன்' 2024-ல் வந்திருக்கிறது. அரசியல்தான் வேண்டும் என்றால் 2004-ன் 'தி ரெவல்யூஷன் ஸ்டார்ட்ஸ் நௌ'. கிராமி விருது வாங்கியது, எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, தேர்தல் அவசரம் தெரிகிறது. சுரங்கத் தொழிலாளர் பாட்டுகள் பிடித்திருந்தால் 2020-ல் வந்த 'கோஸ்ட்ஸ் ஆஃப் வெஸ்ட் வர்ஜீனியா'. 2010-ல் 29 பேர் இறந்த நிலக்கரிச் சுரங்க வெடிப்பைப் பற்றியது. அவரோடு ஒத்துப்போகாத மக்களுக்காகவும் பேச வேண்டும் என்றே எழுதினார், அது கேட்கிறது.

நம் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'டைம் யூ வேஸ்ட்' மகன் ஜஸ்டின் எழுதியது. அந்த மகன் 2020-ல், 38 வயதில் இறந்துபோனார். அவர் பாட்டுகளை மட்டும் எடுத்து அப்பா பாடிய 'ஜே.டி.' அடுத்த ஜனவரியில், ஜஸ்டினின் பிறந்தநாளில் வந்தது. அதைச் சிபாரிசு செய்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. மனசு திடமாக இருக்கிற அன்றைக்குக் கேளுங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் குருவிடம் போவதென்றால் டௌன்ஸ் வான் ஸான்ட் 1973 ஜூலையில் ஹூஸ்டனின் ஓல்ட் குவார்ட்டர் என்ற சின்ன மதுக்கூடத்தில் பாடிய பதிவு. 1977-ல் இரட்டைத் தட்டாக வெளியிட்டார்கள். ஓர் ஆள், ஒரு கிட்டார். அதில் 'ரெக்ஸஸ் ப்ளூஸ்' கேட்டுவிட்டு, அதையே ஏர்ல் நம் ஆல்பத்தில், இறந்த குருவுக்காகத் தான் எழுதிய 'ஃபோர்ட் வொர்த் ப்ளூஸ்' பாட்டோடு கோத்துப் பாடுவதைக் கேளுங்கள். அங்கே மட்டும் அரசியல் பேச்சு கிடையாது.